எல்ஸ்பெத் டத்தி நிறுத்திய இடம்

எல்ஸ்பெத் டத்தி எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் பௌதிகம் சொல்லிக்கொடுக்க வந்த முதல் வாரத்திலேயே அவள் தலையை நோக்கி ஒரு நாற்காலி பறந்து வந்தது. ஒற்றைக் கையால் பிடித்துவிட்டாள் என்பது ஒரு கட்சி. பிடித்து, தரையில் போட்டு, அதிலேயே உட்கார்ந்து, "எனக்குக் கால் வலிக்குதுன்னு எப்படிடா கண்டுபிடிச்ச?" என்று கேட்டாள் என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. எறிந்த மக்னஸ் நோபிளே அப்படித்தான் சொல்கிறான். எறி பலிக்காத ஏமாற்றம் இன்னும் அவன் குரலில் இருக்கிறது.

பீட்டர்ஹெட்டுக்கு வடக்கே இருக்கிறது எங்கள் இன்வர்ட்ரம். இங்கே கடல் ஊரை அறைகிறது, ஊர் பிள்ளைகளை அறைகிறது, பிள்ளைகள் ஒருவரையொருவர் அறைந்துகொள்கிறார்கள். கடற்காகம்கூடக் கையிலிருக்கும் ரொட்டியோடு திருப்திப்படாது. விரலும் சேர்ந்து வருமா என்று இழுத்துப் பார்க்கும். இப்படிப்பட்ட ஊரில் பதினாலு வயதுக்காரர்கள் நிறைந்த வகுப்பை ஐம்பது தாண்டிய ஒரு பொறியாளரிடம் கொடுத்தார்கள். அவளும் சாதாரணப் பொறியாளர் இல்லை. வடகடலில் எண்ணெய்க் கிணறு தோண்டியவள். ஆறடிக்கு மேல் உயரம், கதவளவு தோள். அவள் எண்ணெய் மேடையில் நின்று கத்தினால் மீன்கூட்டம் நார்வே பக்கம் ஒதுங்கிப் போகும் என்பார்கள். பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்டாலும் பயங்கரமான குரல்தான்.

அந்தக் குரல்தான் டூகலின் கையைத் தின்றது.

டூகல் அவளுக்குக் கீழே வேலை பார்த்தவன். குழாய் தூக்கும் எஃகு வடத்தில் இழைகள் அறுந்து முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்ததை ஒரு காலையில் அவன் பார்த்தான். ரிக் எனப்படும் எண்ணெய் மேடைகளில் ஒரு சட்டம் உண்டு. சமையல்காரனிலிருந்து பெரிய அதிகாரி வரை யாராக இருந்தாலும், ஆபத்தென்று தோன்றினால் இரண்டு கைகளையும் குறுக்கே வைத்து "நிறுத்து" என்று சொல்லலாம். சொன்ன மாத்திரத்தில் எல்லா வேலையும் நிற்க வேண்டும். ஏன் சொன்னாய் என்று அதட்டக் கூடாது, அது வெறும் பிரமையாக இருந்தாலும் தண்டிக்கக் கூடாது. சுவருக்குச் சுவர் இதை எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அன்று காலை எல்ஸ்பெத் ஏற்கெனவே டூகலை எல்லோர் முன்னாலும் காய்ச்சியிருந்தாள். அதனால் அவன் வாயைத் திறக்கவில்லை. வடம் அறுந்து சாட்டையாகச் சுழன்றது. முழங்கைக்கு மேலே ஒரே வெட்டு. கை தனியாகப் போய்க் கடலில் விழுந்தது. எல்ஸ்பெத் தன் இடுப்பு வாரை அவிழ்த்து அவன் தோளடியில் இறுக்கி, ஹெலிகாப்டர் வரும்வரை முட்டிபோட்டு அழுத்திப் பிடித்திருந்தாள். அவளுடைய காலுறை வரை அவன் ரத்தம் இறங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில் கேட்டாள்: "பாத்தேங்கிற. ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீங்க கத்துவீங்க, பாஸ்."

பிறகு எண்ணெய் விலை விழுந்தது. கம்பெனி ஆட்களை வீட்டுக்கு அனுப்பியது. எல்லோரும் காற்றாலைப் பக்கம் ஓட, இவள் மட்டும் அபர்டீனில் ஆசிரியர் பயிற்சியில் போய் உட்கார்ந்தாள். வேலை போனதால் வாத்தியார் ஆனாள் என்று ஊர் பேசியது. டூகலுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவன் துறைமுகத்துக்கு எதிரே மீன் வறுவல் கடை வைத்திருந்தான். ஒற்றைக் கையால் ஹாடாக் மீனை மாவில் புரட்டியபடி கேட்டான்:

"என்னமோ போங்க பாஸ். ரிக்குல உங்க தொல்லை, இப்ப பச்சப் பிள்ளைங்களுக்குமா?"

"வாய மூடக் கத்துக்கிட்ட ஆளுங்களத்தான்டா ரிக்குக்கு அனுப்பறாங்க. அதுக்கு முன்னாடியே பிடிக்கணும்."

"பிடிச்சு?"

"திறக்கக் கத்துக்குடுக்கணும்."

"எங்க ஊர்ப் பயலுகளுக்கா? அதுங்க வாய மூட ஆள் தேடிக்கிட்டிருக்காங்க, நீங்க திறக்கப் போறீங்களாக்கும்!"

பயிற்சி முடிந்தாலும் ஒருவன் முழு ஆசிரியனாகிவிட முடியாது. ஒரு வருடம் பள்ளியில் பரீட்சார்த்தமாகப் பாடம் எடுத்துத் தேற வேண்டும். அப்புறம்தான் எடின்பரோவில் இருக்கும் ஆசிரியர் மன்றம் உரிமம் கொடுக்கும். எல்ஸ்பெத்துக்கு வேறு பிழைப்பு கிடைக்காமல் இல்லை. ஆனால் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அந்த உரிமம் வேண்டும். அந்த ஒரு வருடத்தைக் கையில் கண்ணாடிக் கிண்ணம் ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டுதான் அவள் உள்ளே வந்தாள்.

வந்ததும் மேடைச் சட்டத்தை வகுப்பில் கொண்டுவந்தாள். "யாருக்கு எப்ப ஆபத்துன்னு தோணினாலும் கைய இப்படிக் குறுக்க வச்சு நிறுத்துன்னு சொல்லலாம். எல்லாரும் நிறுத்தணும். நானும்தான். யாரும் யாரையும் திட்டக் கூடாது. சொன்னவங்களுக்கு நான் நன்றி சொல்வேன்."

பதினாலு வயதுக்காரர்களிடம் இப்படி ஒரு சாவியைக் கொடுத்தால் என்ன ஆகும்? ஓம் விதி எழுத ஆரம்பித்தால் நிறுத்து. ஜன்னலில் கடற்காகம் எச்சமிட்டால் நிறுத்து. பக்கத்துப் பெஞ்சில் எவனோ காற்று விட்டால், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் நிறுத்து. அதிலும் மக்னஸ் மன்னன். மீன்பிடிக் கப்பல் தலைவர் நோபிளின் ஒரே பிள்ளை, காளைக்கன்று மாதிரி கழுத்து, விரல் முட்டிகள் எப்போதும் உரிந்திருக்கும். அவன் கையைக் குறுக்கே வைக்காத பாடவேளை கிடையாது.

ஒவ்வொரு முறையும் எல்ஸ்பெத் சாக்பீஸைக் கீழே வைத்தாள். "நன்றி மக்னஸ். என்ன பாத்த?"

"ஒண்ணும் பாக்கல மிஸ். போரடிச்சுது."

"சரி. தொடரலாமா?"

ஆசிரியர் அறையில் சிரிப்பு தாங்கவில்லை. தலைமையாசிரியர் அபர்க்ரோம்பி டை முடிச்சை நீவிவிட்டுக்கொண்டு சொன்னார்: "மிஸ் டத்தி, இது பள்ளிக்கூடம். பிள்ளைங்க உங்கள வச்சு விளையாடறாங்க."

"ரிக்குலயும் பொய் அலாரம் அடிக்கும் சார். அதுக்கு ஒருத்தன அடிச்சா, அப்புறம் நிஜ அலாரம் அடிக்கவே அடிக்காது."

இது பொறியாளர்களுக்கே உரிய பைத்தியம். சட்டம் சரியென்றால், ஊரே சிரித்தாலும் திருகாணியை அரைச் சுற்றுக்கூடத் தளர்த்த மாட்டார்கள். வேறு ஆசிரியர் யாராவது இருந்தால் இரண்டாம் நாளே ஒரு கண்ணை மூடியிருப்பார்.

டூகலிடம் புலம்பினாள். அவன் வினிகர் குப்பியைத் துடைத்தபடி கேட்டான், "அந்த நோபிள் பய எப்ப எப்ப நிறுத்தச் சொல்றான்?"

"எப்பவும்தான்."

"யோசிச்சுச் சொல்லுங்க பாஸ். நீங்க குரல ஒசத்தும்போதா?"

எல்ஸ்பெத் வறுவலை மெல்லுவதை நிறுத்தினாள். யோசித்துப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது. அவளே அறியாமல் பழைய குரல் தொண்டையிலிருந்து ஒரு படி ஏறும் ஒவ்வொரு முறையும், பின்வரிசையில் அந்தக் கைகள் குறுக்கே போயிருந்தன. அவள் அதைச் சேட்டை என்று எண்ணியிருந்தாள்.

"நோபிள் வீட்டுல நடக்கறது ஊருக்கே தெரியும்," என்றான் டூகல். அதற்குள் வறுவல் சட்டியைப் பார்க்கத் திரும்பிவிட்டான்.

பிப்ரவரியில் அபர்க்ரோம்பி அவள் பாடத்தைப் பார்க்க வந்தார். அவர் எழுதுவதை வைத்துத்தான் மன்றம் முடிவெடுக்கும். முந்தின நாளிலிருந்தே காற்று கூரைத் தகடுகளைப் பிய்த்துக்கொண்டிருந்தது. படகு எதுவும் கடலுக்குப் போகவில்லை; ஆண்கள் எல்லோரும் வீட்டில். அப்படி ஒரு நாளுக்கு மறுநாள் எங்கள் ஊரில் சில பெண்கள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைக்குப் போவார்கள், வெயிலே இல்லாதபோதும். மக்னஸ் வீங்கிய உதட்டோடு வந்து உட்கார்ந்தான்.

பாடம், ஒரு கம்பி எவ்வளவு இழுவையில் அறும் என்பது. எல்ஸ்பெத்துக்குத் தெரியாத விஷயமா? எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, கனமான இரும்புத் தாங்கிகளில் மெல்லிய செம்புக் கம்பியைக் கட்டி, எடைகளைத் தொங்கவிட்டுக் காட்டினாள். அபர்க்ரோம்பி பின்னால் உட்கார்ந்து தலையை ஆட்டினார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

இன்னெஸ் என்று ஒரு பொடிப் பையன், மக்னஸ் வீட்டுக்கு அடுத்த வீடு. அவன் திரும்பி மெதுவாகச் சொன்னான்:

"நேத்து உங்கப்பா போட்ட போடுல எங்க வீட்டுச் சுவர்ல படமே விழுந்துடுச்சுடா. உங்கம்மா உயிரோட இருக்காங்களா?"

மக்னஸ் எழுந்தான். தாங்கியின் இரும்புக் கோலை உருவினான். முதல் வீச்சில் இன்னெஸின் மூக்குத் தண்டு உடைந்தது. வகுப்பு முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. பொடியன் பெஞ்சுக்குப் பின்னால் சரிந்தான். மேசை, புத்தகம், எடைகள் எல்லாம் சிவப்பு. மக்னஸ் பெஞ்சின் மேல் ஏறி, இரண்டாவது வீச்சுக்குக் கோலைத் தலைக்கு மேல் தூக்கினான். அது இறங்கியிருந்தால் இன்னெஸுக்கு மூக்கோடு போயிருக்காது.

எல்ஸ்பெத் அறையின் மறுகோடியில் இருந்தாள். நடுவில் இருந்த மூன்று மேசைகளையும் அவள் சுற்றிப் போகவில்லை, ஊடுருவிப் போனாள் என்கிறார்கள். மேசைகள் கவிழ்ந்தது நிஜம். சுவர் ஓரத்தில் அடையாளம் இருக்கிறது. பாய்ந்த வேகத்தில் கோலைப் பிடுங்கி எறிந்தாள். அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. நிற்கவில்லை. மக்னஸின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, சுவரில் மோதி, முன்னங்கையை அவன் தொண்டைக்குக் குறுக்கே கொடுத்து மேலே தூக்கினாள். அவன் கால்கள் தரையை விட்டன. பழைய குரல் முழுசாக வெளியே வந்தது. என்ன கத்தினாள் என்று அவளுக்கே நினைவில்லை. ஜன்னல் அதிர்ந்தது என்று மட்டும் எல்லோரும் சொல்கிறார்கள். மக்னஸின் முகம் சிவந்து, கறுத்து, கண் பிதுங்கியது.

அபர்க்ரோம்பி மேசைக்கு அடியில் இருந்தார்.

"நிறுத்துங்க!"

ஷோனா என்று ஒரு பெண். அந்த வருடம் அதுவரை வகுப்பில் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. பெயர் கூப்பிட்டால்கூடக் கையைத்தான் தூக்குவாள். அவள் நடு அறையில் நின்று, கைகளைக் குறுக்கே வைத்துக்கொண்டு, மறுபடியும் கத்தினாள்:

"நிறுத்துங்க மிஸ்! அவன் கைய பாருங்க! கைய பாருங்க!"

எல்ஸ்பெத் குனிந்து பார்த்தாள். அவளுடைய முன்னங்கைக்குக் கீழே, இருவர் நெஞ்சுக்கும் நடுவே நசுங்கியபடி, மக்னஸ் தன் இரண்டு கைகளையும் குறுக்கே வைத்திருந்தான். எவ்வளவு நேரமாக வைத்திருந்தானோ. குரலுக்கு வழியில்லை, தொண்டை அவள் பிடியில் இருந்தது.

விட்டுவிட்டாள். அவன் மூட்டையாக விழுந்து, இருமி, வாந்தியெடுத்தான். எல்ஸ்பெத் இரண்டடி பின்னால் போய்த் தரையிலேயே உட்கார்ந்தாள். அங்கிருந்தே சொன்னாள்: "நன்றி, ஷோனா." பிறகு, "யாராவது ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க. இன்னெஸுக்கு முதல்ல."

மாலையில் அபர்க்ரோம்பி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். பௌதிக ஆசிரியர் வேண்டுமென்று மூன்று தடவை விளம்பரம் கொடுத்தும் இந்தக் காற்றடிக்கிற ஊருக்கு ஆள் வராததால் கிடைத்தவள் இவள். இவளும் போனால் அவர்தான் ஓம் விதி எடுக்க வேண்டும். அவர் லத்தீன் படித்தவர்.

"மிஸ் டத்தி, நீங்க சண்டைய விலக்கி விட்டீங்க. ஒரு உயிரக் காப்பாத்தினீங்க. நான் அப்படித்தான் பாத்தேன்."

"நீங்க மேசைக்கு அடியிலேர்ந்து பாத்தீங்க சார்."

"அ... அங்கேருந்தும் நல்லாத் தெரிஞ்சுது."

"நான் அவன் கழுத்த நெரிச்சேன். கோல் என் கைக்கு வந்த பிறகு நெரிச்சேன். அப்படியே எழுதுங்க."

"எழுதினா உங்க உரிமம் போயிடும், அம்மா! புரியுதா உங்களுக்கு?"

"எழுதலேன்னா ஷோனா எதுக்குக் கத்தினா? ஒண்ணுமே நடக்காததுக்கா? ஆறு மாசமா வாயத் திறக்காத பொண்ணு சார் அது. நாம ரெண்டு பேரும் சேர்ந்து அவள பொய்யாக்கினா, இனி அவ எங்கயும் திறக்க மாட்டா."

அபர்க்ரோம்பி எழுதினார். எழுதும்போது பேனா முள்ளை உடைத்தார்.

ரெண்டு நாள் கழித்து டூகலின் கடைக்குக் கப்பல் தலைவர் நோபிள் வந்தார். எல்ஸ்பெத் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று தின்றுகொண்டிருந்தாள்.

"டீச்சரம்மா! எம் பையனத் தூக்கி மாட்டினியாமே, கோட்டு மாட்டற மாதிரி?"

"ஆமா."

அவர் அடித்தார். வலை இழுத்த கை அது. எல்ஸ்பெத்தின் கடைவாய்ப் பல் ஒன்று தெறித்து வெங்காய ஊறுகாய்ப் பாத்திரத்தில் விழுந்தது. டூகல் கொதிக்கிற எண்ணெயை முகந்துகொண்டு திரும்பினான்.

"டூகல், கீழ வை," என்றாள் எல்ஸ்பெத், வாயில் ரத்தத்தோடு.

"திருப்பி அடிடி!" என்றார் நோபிள். "எம் பையன்கிட்ட மட்டும்தான் உன் பலமா?"

"திருப்பி அடிக்கப் போறதில்ல. உனக்கு இன்னும் மிச்சமிருந்தா இங்கயே என் மேல தீத்துட்டுப் போ. வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாத."

நோபிள் இன்னொன்று கொடுத்தார். இவள் புருவம் கிழிந்தது, தூணைப் பிடித்து நின்றாள். மூன்றாவதுக்குக் கை ஓங்கினார். ஓங்கிய கையைத் தானே பார்த்தார். பிறகு அதைக் கோட்டுப் பைக்குள் செருகிக்கொண்டு, "ரெண்டு ஹாடாக் குடு," என்றார். டூகல் கொடுத்தான். வாய் வெந்து போகுமளவுக்கு உப்பைக் கொட்டித்தான் கொடுத்தான்.

அதற்குப் பிறகு அவர் திருந்தினாரா என்று கேட்காதீர்கள். அன்றிரவு அந்த வீட்டுச் சுவர் அதிரவில்லை. அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது.

போலீஸ் வந்து விசாரித்தது. மக்னஸ் புகார் தர மறுத்தான். எல்ஸ்பெத்தும் தன் பல்லுக்குப் புகார் தரவில்லை. மிஞ்சியது மன்றம். ஜூனில் எடின்பரோவுக்குப் போனாள். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த வெள்ளைமுடி அம்மாள் நல்லவள். இவளைக் காப்பாற்றத்தான் பார்த்தாள்.

"அந்தப் பையன் உங்க சைகையக் காட்டினானா?"

"காட்டினான். நான் பாக்கல."

"பாத்திருந்தா விட்டிருப்பீங்க, இல்லையா?"

"தெரியாது. நான் கீழயே பாக்கல."

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள். "மிஸ் டத்தி, நடந்தது நடந்துபோச்சு. இனி ஒருக்காலும் இப்படி நடக்காதுன்னு சொல்லுங்க. அது போதும் எங்களுக்கு."

ஒரே ஒரு வாக்கியம். வேறு எந்த ஆசிரியரும் கண்ணில் நீரோடு சொல்லியிருப்பார். எல்ஸ்பெத் வாயைத் திறந்தாள், பல் போன இடம் தெரிய. அவள் வாழ்நாளெல்லாம் உலோகம் எப்போது முறியும் என்று கணக்குப் பார்த்தவள்.

"ஒருக்காலும்னு என்னால சொல்ல முடியாது. ஆபத்து பூஜ்யம்னு எந்தப் பொறியாளரும் சொல்ல மாட்டாங்க. சொல்றவங்கள நான் ரிக்ல ஏத்த மாட்டேன். என்ன செஞ்சா குறையும்னு சொல்றேன். வகுப்புல இன்னொரு பெரியவங்க இருக்கணும். தாங்கிக் கோல் மரத்துல செஞ்சதா இருக்கணும். என் குரல் ஏறினா என்னை வெளியேத்த ஒரு ஆள் வேணும். இவ்வளவும் இருந்தா வாய்ப்பு ரொம்பக் கம்மி. பூஜ்யம் இல்ல."

வெளியே போய் உட்காரச் சொன்னார்கள். தாழ்வாரத்தில் இருந்தவளுக்கு உள்ளே சத்தம் போட்டுச் சண்டை பிடிப்பது கேட்டதாம். "இந்தப் பொம்பளைய எந்த வகுப்புல விடறது?" என்று ஒரு குரல். "இப்படிப் பதில் சொன்ன ஆள நான் இங்க பாத்ததே இல்ல," என்று இன்னொன்று. கடைசியில் உரிமம் கிடையாது என்றார்கள். அவள் எழுந்தாள். "உக்காருங்க, இன்னும் முடிக்கல," என்றாள் அந்த அம்மாள். வேண்டுமானால் பரீட்சார்த்த வருடத்தை முதலிலிருந்து மறுபடி செய்யலாம், அவள் கேட்ட நிபந்தனைகளோடேயே. எந்தப் பள்ளி இவளைச் சேர்த்துக்கொள்ளுமோ அங்கே.

எந்தப் பள்ளி சேர்க்கும்? அபர்க்ரோம்பி நான்காம் முறையாக விளம்பரம் கொடுத்தார். ஆள் வரவில்லை. ஓம் விதிப் புத்தகத்தை ஒரு வாரம் புரட்டிப் பார்த்தார். பிறகு எல்ஸ்பெத்துக்கு ஃபோன் செய்தார். குரலில் பாசமெல்லாம் இல்லை.

ஆகஸ்டில் பள்ளி திறந்தது. அதே பிள்ளைகள், ஒரு வகுப்பு மேலே. பின்வரிசையில் மேற்பார்வைக்கு ஒரு கணக்கு வாத்தியார் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். இன்னெஸின் மூக்கு சற்று இடப்பக்கம் பார்த்தது. ஷோனா முதல் பெஞ்சில். மக்னஸ் இந்த வருடம் பௌதிகத்தை விட்டுவிட்டு வேறு பாடம் எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. ஆனால் உள்ளேயும் வரவில்லை. தன் நாற்காலியைக் கதவுநிலையில் போட்டு, ஒரு காலைத் தாழ்வாரத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எல்ஸ்பெத் ஒரு அடி முன்னால் வைத்தால் அவன் தோள் விறைத்தது.

கணக்கு வாத்தியார் கண்டிக்க வாயெடுத்தார். "டேய் நோபிள், உள்ள வந்து கதவ..."

"கதவு திறந்தே இருக்கட்டும்," என்றாள் எல்ஸ்பெத்.

தன் மேசையின் ஒரு முனையைப் பிடித்தாள். கதவிலிருந்து எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரம், மறுகோடி ஜன்னல் வரைக்கும், கிறீச்சென்று இழுத்துக்கொண்டு போனாள். பல் போன வாயால், கடைசிப் பெஞ்சுக்குக் கேட்காத தணிந்த குரலில், பாடத்தை ஆரம்பித்தாள்.

"கேக்கல மிஸ்," என்றான் மக்னஸ், கதவிலிருந்து.

அவள் குரலை ஒரே ஒரு படி ஏற்றிவிட்டு, அவன் கைகளைப் பார்த்தாள். கைகள் மடியிலேயே இருந்தன.